ஒட்டியது நிற்கணுமே!

கே: எங்கள் ஊர் மூவர் கோயிலில் மூன்று சன்னதிகளில் இரண்டு நிற்கிறது. அம்மா கையில் ஒட்டிய சுகர் சென்சார் மூன்றில் ஒன்றுதான் 14 நாளும் நின்றது. என்ன செய்யலாம்? (வாசகி, கொடும்பாளூர்)

ப: சிற்றரசர் பூதி விக்கிரமகேசரி கட்டிய அந்தச் சன்னதிகளில் விழுந்துபோன மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமாவது மிஞ்சியிருக்கிறது. அம்மாவுக்கும் அடித்தளத்திலிருந்தே தொடங்குவோம். அது தோல். சென்சார் விழுந்தால் எல்லோரும் பசையைத்தான் திட்டுகிறார்கள். எண்ணெயும் பவுடரும் வியர்வையும் இருக்கிற தோலில் எந்தப் பசையும் தோற்கும்.

குளித்து முடித்த பிறகு ஒட்டுங்கள். ஒட்டிவிட்டு உடனே குளிக்கப் போகக் கூடாது. அன்றைக்கு வாசனையோ எண்ணெய்ப் பதமோ இல்லாத சோப்பு போதும். மேல் கையின் பின்பக்கம், மச்சம், தழும்பு, இன்சுலின் போட்ட தடிப்பு இல்லாத இடமாகப் பாருங்கள். கையை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். மடிப்பு விழுகிற இடம் வேண்டாம். முடி அடர்ந்திருந்தால் மழித்துவிடுங்கள். பிறகு ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள். அவசரக்காரர்கள் கோட்டை விடுவது இதற்கடுத்த நிமிடத்தில்தான். ஈரம் போகும் முன் அழுத்திவிடுகிறார்கள். மின்விசிறிக்குக் கீழே உட்காரவைத்து, தோல் நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டி, விளிம்பைச் சுற்றி விரலால் நீவி விடுங்கள்.

அடுத்து ரவிக்கையைப் பாருங்கள். லிப்ரே என்ற வகைச் சென்சார் 35 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் தடிமன். நம் பெண்களின் ரவிக்கைக் கை முடிகிற பட்டியும் பல நேரம் அதே உயரத்தில்தான் வரும். தண்ணீர்க் குடத்தைத் தலைக்குத் தூக்கும்போதெல்லாம் அந்தப் பட்டி சென்சாரின் விளிம்பை நெம்பும். கைத் தையலைப் பிரித்துத் தளர்த்துங்கள், அல்லது சென்சார் முழுக்க உள்ளே அடங்குகிற நீளத்துக்குத் தைத்துக்கொள்ளுங்கள். போடும்போது சென்சார் உள்ள கை முதலில், கழற்றும்போது கடைசியில். அம்மாவுக்கு இதை ஒரு முறை செய்து காட்டுங்கள். நாலைந்தாயிரம் ரூபாய்ப் பொருள், ஒரு இழுப்பில் போய்விடக் கூடாது.

கே: சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட முடியாதே? (வாசகர், விராலிமலை)

ப: விட வேண்டாம். தலைக்கு வையுங்கள், அந்தக் கையை விட்டுவிடுங்கள். இல்லையென்றால் சென்சார் மாற்றுகிற நாளைச் சனிக்கிழமையாக்கிக்கொள்ளுங்கள். பழையதைக் கழற்றி, எண்ணெய் தேய்த்துக் குளித்து, சோப்பால் பிசுக்குப் போகக் கழுவி, அடுத்த கையில் புதியது. பழையதைக் கழற்றவும் தேங்காய் எண்ணெய்தான் கைகொடுக்கும். விளிம்பில் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் தோல் உரியாமல் வரும்.

கே: மேலே என்ன டேப் ஒட்டலாம்? (வாசகர், இலுப்பூர்)

ப: மெடிக்கல் ஷாப் காகித டேப் வெயிலில் அரை நாள் தாங்கினாலே அதிகம். விளையாட்டு வீரர்கள் தசைக்கு ஒட்டுகிற இழுவை டேப், அல்லது நடுவில் ஓட்டையோடு வெட்டி விற்கிற பட்டை நல்லது. மூலைகளை வட்டமாக வெட்டினால் துணியில் சிக்காது. ஒட்டும்போது இழுத்து ஒட்டாதீர்கள், தோல் சிவக்கும். லிப்ரேயின் நடுவில் சின்னத் துளை இருக்கிறது, அதை மூடவே கூடாது. டேப் ஓரம் எழும்பினால் எழும்பிய துண்டை மட்டும் கத்தரியுங்கள். முழுதையும் பிய்த்தால் சென்சாரும் கூடவே வரும்.

கே: பாதி பிய்ந்துவிட்டது. அழுத்தி ஒட்டிவிடலாமா? (வாசகி, மணப்பாறை)

ப: பசை ஓரம் மட்டும் எழும்பியிருந்தால் மேலே டேப் போடலாம். சென்சாரே தூக்கிக்கொண்டிருந்தால் கூடாது. தோலுக்குள் 5 மில்லிமீட்டர் போகிற மெல்லிய இழை வெளியே வந்திருக்கும். திரும்ப அழுத்தினால் உள்ளே போகாது. எண் வந்தாலும் அந்த எண்ணை நம்பி இன்சுலின் போடக் கூடாது. கழற்றிய சென்சாரையும் பெட்டியையும் தூக்கி எறியாமல், வரிசை எண்ணோடு நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசிப் பாருங்கள்.

கே: டைப் 1 உள்ள என் மகனுக்கு 13 வயது. கோடை விடுமுறையில் கிணற்றில் குதிக்காமல் இருக்க மாட்டான். (வாசகர், கொடும்பாளூர்)

ப: லிப்ரே தாங்குவது 1 மீட்டர் ஆழம், 30 நிமிடம். மேட்டிலிருந்து குதிக்கிறவன் 1 மீட்டரில் நிற்க மாட்டான். தண்ணீரில் அறைகிற வேகமும் பசைக்கு எதிரி. படியில் இறங்கி மேலாக நீந்தட்டும், அரை மணிக்குள் ஏறட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுக்கட்டும்.

ஆனால் எனக்குச் சென்சாரைவிடப் பையன் முக்கியம். நீச்சல் சர்க்கரையைச் சரசரவென இறக்கும். தண்ணீருக்குள் ப்ளூடூத் சரியாக எட்டாது, கரையில் இருக்கிற போன் அலறாமலே இருந்துவிடும். இறங்கும் முன் எண்ணைப் பார்க்க வேண்டும். சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தால் ஏதாவது சாப்பிட்டுச் சரியான பிறகே தண்ணீர். கரையில் குளுக்கோஸ் பொட்டலமும், விஷயம் தெரிந்த, நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவரும் இருக்க வேண்டும். தனியாக மட்டும் அனுப்பாதீர்கள்.

கே: நடு ராத்திரி 'லோ' என்று போன் கத்துகிறது. எழுந்து பார்த்தால் எனக்கு ஒன்றுமில்லை. (வாசகர், திருச்சி)

ப: அந்தக் கைப் பக்கமாகவே படுக்கிறீர்களா? சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கடியில் செல்களுக்கு இடையே இருக்கிற நீரை அளக்கிறது. உடம்பு பாரம் அதன்மேல் விழுந்தால் அங்கே நீரோட்டம் குறைந்து எண்ணும் இறங்கிக் காட்டும். புரண்டு படுத்தால் கொஞ்ச நேரத்தில் ஏறிவிடும். அடுத்த முறை மறு கையில் ஒட்டிப் பாருங்கள். அதற்காக அலாரத்தை அணைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் விரலில் குத்திச் சரிபாருங்கள், ஒரு நாள் அது நிஜமாகவே இருக்கலாம்.

கே: ஒட்டிய இடம் சிவந்து அரிக்கிறது. (வாசகி, புதுக்கோட்டை)

ப: லேசான சிவப்பு சாதாரணம். நீர் கோத்தால், படை போலப் பரவினால் கழற்றிவிட்டுத் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஐசோபார்னைல் அக்ரிலேட் என்ற பசைப் பொருளால் சிலருக்கு ஒவ்வாமை வருவதை 2017-இல் பெல்ஜிய மருத்துவர்கள் லிப்ரே பயனாளர்களிடம் கண்டறிந்து எழுதினார்கள். ஆகவே உங்கள் அரிப்பை யாராவது மனப்பிரமை என்றால் கேட்காதீர்கள். மாடல் மாற்றினால் சரியாகலாம்.

கே: திருச்சியில் வாங்கி பைக் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா? (வாசகர், கொடும்பாளூர்)

ப: சித்திரை வெயிலில் பைக் பெட்டி அடுப்பு. பையில் வைத்துத் தோளில் மாட்டி வாருங்கள், நேரே வீட்டுக்கு வாருங்கள். எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருக்கும்.

கே: கோயிலுக்குச் சட்டையில்லாமல் போனால் 'கையில் என்ன?' என்று பத்துப் பேர் கேட்கிறார்கள். (வாசகர், விராலிமலை)

ப: 'சுகர் பார்க்கிற கருவி' என்று பத்துப் பேருக்கும் சொல்லுங்கள். மறைக்க வேண்டிய விஷயம் எதுவும் இதில் இல்லை. 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். கேட்கிறவர்களிலும் ஒருவருக்கு இருக்கலாம். கூட்டத்தில் இடிபடாமல் அந்தக் கையை மட்டும் சுவர்ப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: இவ்வளவு விலை கொடுத்து எல்லோரும் மாட்டத்தான் வேண்டுமா? (வாசகர், அன்னவாசல்)

ப: வேண்டாம். மாத்திரையில் சர்க்கரை கட்டுக்குள் இருப்பவருக்கு ஸ்ட்ரிப்பும், மருத்துவர் சொல்கிற இடைவெளியில் எச்பிஏ1சி பரிசோதனையும் போதும். எந்தச் சாப்பாடு எப்படி ஏற்றுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு முறை 14 நாள் மாட்டிப் பார்க்கலாம். ஆனால் தினமும் பல வேளை இன்சுலின் போடுகிற டைப் 1 குழந்தைக்கு இது ஆடம்பரமே அல்ல. மாதம் இரண்டு சென்சார் என்பது கூலி வேலைக் குடும்பத்தால் தாங்கக்கூடிய செலவும் அல்ல. கேரளத்தில் 'மிட்டாயி' திட்டத்தின் கீழ் டைப் 1 குழந்தைகளுக்கு இன்சுலினோடு இந்தக் கருவிகளையும் இலவசமாகத் தருகிறார்கள். 2021 முதல் வீடு தேடி மருத்துவம் கொண்டுபோகிற நம் அரசும் டைப் 1 பிள்ளைகளின் கைக்கு இந்தச் சென்சாரைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். உங்கள் ஊரில் அப்படி ஒரு குழந்தை இருந்தால், சட்டமன்ற உறுப்பினருக்கு இன்றே ஒரு மனு எழுதுங்கள்.