மகளிர் சதுரங்க இறுதிக்கட்டத்தில் வெற்றி நழுவும் வகைகள்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

இயல் 1: எல்லையும் கருதுகோளும்

இவ்வாய்வின் வட எல்லை ஸ்ரீவில்லிபுத்தூர். தென் எல்லை ராஜபாளையம். மேல் எல்லை மேற்குத் தொடர்ச்சி மலை. கீழ் எல்லை, ஆய்வாளர் பேருந்தில் தூங்கிவிட்டதால் வரையறுக்கப்படவில்லை. ஆய்வுக்குரிய ஆட்டங்கள் ஜெனீவாவிலும் படுமியிலும் நால்ச்சிக்கிலும் நடந்தவை. பொருள் ஓரிடத்திலும் சான்று வேறிடத்திலும் கிடப்பது ஆய்வுலகில் குற்றமாகாது. தமிழக அரசு முத்திரையில் உள்ளது ஆண்டாள் கோயில் கோபுரமா, மதுரைக் கோபுரமா என்ற சண்டையில் இரண்டையும் அண்ணாந்து பாராமலே கட்டுரை வாசித்தோர் உண்டு.

கருதுகோள்: கைபேசியில் சதுரங்க என்ஜின் வைத்திருப்பவர் எந்த வெற்றியையும் தவறவிடுவதில்லை. (முடிவுரையை எழுதி முடித்தபின் கருதுகோளை எழுதுவது ஆய்வேட்டு மரபு. அம்மரபு இங்கும் காக்கப்பட்டது.)

இயல் 2: வகைப்பாடு

அ. கைகுலுக்கல் நழுவல்: களைப்பில் டிராவுக்கு ஒப்புவது, மேலும் விளக்கம் தேவையில்லை.

ஆ. கடிகார நழுவல்: இதற்கு எதிர்ச்சான்றே கிடைக்கிறது. 2008இல் நால்ச்சிக்கில் நடந்த உலக மகளிர் சாம்பியன்ஷிப்பில், எதிரெதிரே ஆடிய சோக்கோவிடமும் ஃபோய்சரிடமும் ஆளுக்கு ராஜாவும் ஒரு குதிரையும் மட்டுமே மிஞ்சியிருந்தபோது ஃபோய்சரின் நேரம் தீர்ந்தது. நடுவர் டிரா என்றார். இந்நிலையிலும் மேட் விழ வழியுண்டு என்று சோக்கோ மேல்முறையீடு செய்து ஜெயித்தார். ஆக, நழுவியதைச் சட்டத்தால் பிடித்துவரலாம் (திண்ணை வாய்மொழி, கரண்ட் போன நேரம்).

இ. நழுவியும் நழுவாமை: 2025 ஜூலையில் படுமியில் நடந்த மகளிர் உலகக் கோப்பை இறுதியில் கோனேரு ஹம்பியும் திவ்யா தேஷ்முக்கும் மோதினர். இரண்டு கிளாசிகல் ஆட்டங்களும் டிரா. ரேபிட்டில் திவ்யா வென்று, கிராண்ட்மாஸ்டர் பட்டத்தையும் சேர்த்து வாங்கினார். ஜெயித்த கையோடு, தாம் எண்ட்கேம் படிக்க வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டார். உலகக் கோப்பை வாங்கியவரே இப்படிச் சொல்ல, வாங்காதவர்கள் எவரும் சொன்னதாகச் சான்றில்லை (பால்கோவா பொதிந்த தாள், நெய் படியாத பக்கம்).

ஈ. மூலை நழுவல்: இதுவே இவ்வாய்வின் உயிர்நாடி. 2013, ஜெனீவா, மகளிர் கிராண்ட் பிரி. அப்போதைய உலக மகளிர் சாம்பியன் அன்னா உஷெனினாவிடம் ராஜா, பிஷப், குதிரை. எதிரே ஒல்கா கிர்யாவிடம் தனி ராஜா. காய் வெட்டுப்படாமல் பார்த்துக்கொண்டால் அதிகபட்சம் 33 நகர்த்தலில் மேட். ஆனால் எல்லா மூலையிலும் அது விழாது. பிஷப்பின் நிறமுள்ள இரண்டு மூலைகளில்தான் விழும். தனி ராஜா மற்ற இரண்டு மூலைகளுக்கே ஓடும். வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லாமல் 50 நகர்த்தல் கடந்தால் டிரா. அப்படியே ஆனது.

இதன் காரணத்தை நூல்களில் தேடுவது வீண் என்பதால் ராஜபாளையத்தில் ஒரு வீட்டுப் பின்கட்டில் கள ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. ஆய்வுப் பொருள்: குளிக்க மறுக்கும் ஒரு ராஜபாளையம் நாய், வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு. 2005இல் இந்திய அஞ்சல் துறை தன் இனத்துக்குத் தபால்தலை வெளியிட்டதிலிருந்து இது யாருக்கும் அடங்குவதில்லை என்பர் (மேற்படி தாள், நெய் படிந்த பக்கம், விளக்கொளியில் பிடித்து வாசித்தது, கடைசி வரியை எறும்பு என்னும் உரையாசிரியர் ஏற்கெனவே உட்கொண்டுவிட்டார்).

குழாய் ஒரு மூலையில், தொட்டி அதற்கு நேர்குறுக்கு மூலையில். நாயோ துவைகல் மூலைக்கும் விறகு மூலைக்குமே ஓடியது. மாமா அடிக்கு ஓரடியாக நகர்ந்தார்: ராஜா. முழங்கால் வலியால் அத்தை குறுக்காகவே நடந்தார்: பிஷப். அத்தை மகன் இரண்டடி போய்ப் பக்கவாட்டில் தாவினான்: குதிரை. மூவரும் சேர்ந்து துவைகல் மூலையில் நாயை மடக்கியதும் மாமா, "அமுக்கியாச்சு" என்றார். வாளி குழாய் மூலையில் இருந்தது. நாய் அவர் கால்சந்தில் புகுந்து வெளியேறியது.

அடுத்த வீட்டு மொட்டைமாடியில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர். மேலிருந்து அவருக்கு நாலு மூலையும் ஒருசேரத் தெரிந்தது. "இடப்பக்கம் அடைச்சிருந்தா அப்பவே முடிஞ்சிருக்கும்" என்றார். அத்தை நிமிர்ந்து பார்த்து, "மாடியில நின்னு ஆயிரம் சொல்லலாம் சார். எறங்கி வந்து ஒருக்கா புடிச்சுப் பாருங்க" என்றார். பேராசிரியர் இறங்கவில்லை. பின்னர் இச்சம்பவத்தைத் தாமே நாயைப் பிடித்ததாக மேற்கோள் காட்டினார் (பேருந்துச் சீட்டின் பின்புறம், ஸ்ரீவில்லிபுத்தூர் தடம், நடத்துநர் கிழித்த இடத்தில் ஒரு சொல் சிதைவு; அச்சொல் 'அல்ல' என்றிருந்தால் இவ்வியல் முழுவதும் தலைகீழாகப் படிக்கப்படும்).

உ. பார்வையாளர் நழுவல்: மேற்கண்ட பேராசிரியரைக் காண்க.

இயல் 3: மேலாய்வுக் களம்

2006இல் பான் நகரில், உலக சாம்பியன் கிராம்னிக் டீப் ஃப்ரிட்ஸ் கணினியின் ஒரே நகர்த்தல் மேட்டைக் கவனிக்காமல் தோற்றார். 'ஆண்களுக்கு மேட் தெரியாது' என்று அன்று எவரும் ஆய்வு நடத்தவில்லை. அது ஒரு மனிதரின் ஒரு நாள் சறுக்கலாகவே போனது. ஜெனீவாவில் நழுவியது மட்டும் மகளிர் சதுரங்கத்தின் இயல்பாக எப்படி வாசிக்கப்படுகிறது? இதை ஆராயத் தனி ஆய்வேடு தேவை. நெறியாளராக இருக்க மொட்டைமாடிப் பேராசிரியர் இசைந்துள்ளார். தலைப்பை மட்டும் மாற்றச் சொல்கிறார்.