மடக்குக் கூரை விசாரம்

வெயிலும் மழையும் முறைவைத்து ஆளும் தொண்டை மண்டலத்தில், கூரையைச் சுருட்டிப் பின்னால் வைத்துக்கொண்டு ஓடும் காரை ஒருவர் விரும்பி வாங்குவாரானால், அவருடைய மனோநிலையை ஆராய்வது வைத்திய சாஸ்திரத்தின் வேலை. அந்தக் கூரையைத் திரும்ப மூடுகையில் சன்னற் கண்ணாடி ரப்பரோடு சேராமல் விரற்கடை விலகி நிற்பதேன் என்று ஆராய்வதே நம் வேலை.

இவ்விசாரத்துக்கு ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பிரதேசத்தைக் காட்டிலும் உசிதமான க்ஷேத்திரம் கிடையாது. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் பிறக்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் 2000 முதல் செயின்ட் கோபெய்ன் ஆலை கண்ணாடி வார்க்கிறது. ஒரகடத்து ரெனோ-நிஸான் ஆலை 2010-இல் மைக்ராவை ஈன்றது. அதற்கு முந்திய தலைமுறையில், கூரை மடங்கும் மைக்ரா ஒன்று இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் 2005-இல் தோன்றியிருந்தது. ஒரகடத்தில் பிறந்ததோ நிரந்தரமான கூரையைப் போர்த்திக்கொண்டே வந்தது. ஐப்பசி மழையை அறிந்தவர்கள் இதை விவேகம் என்றே கொள்வர்.

இவ்வகைக் காரின் கதவில் கண்ணாடியைச் சுற்றிச் சட்டம் இல்லாமையே சகல சங்கடத்துக்கும் மூலகாரணம். சாதாரணக் காரில் கண்ணாடி தன் சட்டத்துக்குள் அடங்கி ஏறி இறங்கும். இங்கோ அது அந்தரத்தில் உயர்ந்து, தனக்கு யாதொரு பந்தமும் இல்லாத கூரையின் பீடிங்கில் போய்ப் பதிய வேண்டும். கைப்பிடியைத் தொட்ட மாத்திரத்தில் கண்ணாடி சிறிது தாழ்ந்து வழிவிடுவதும், கதவு சாத்தியபின் மறுபடி உயர்ந்து ரப்பருக்குள் புகுவதும், இந்த உறவைக் காப்பாற்றப் பொறியாளர்கள் கண்ட உபாயம்.

ஆயின் கண்ணாடி, கூரை இவ்விரண்டில் யார் யாரிடம் செல்வது? 1017-இல் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த ராமானுஜரின் வழிவந்தோர், ஜீவன் குரங்குக்குட்டிபோல் தாயைப் பற்ற வேண்டுமா, பூனைக்குட்டிபோல் தாயால் கவ்வப்பட வேண்டுமா என்று பிற்காலத்தில் இரு கட்சியாக நின்று வாதித்தார்கள். மெக்கானிக்குகளுக்குள்ளும் இப்பிளவு உண்டு. மர்க்கட நியாயக்காரர், கண்ணாடியே முயன்று பற்றட்டும் என்று கதவின் உள்தட்டைக் கழற்றி, ரெகுலேட்டர் நட்டைத் தளர்த்திக் கண்ணாடியை உயர்த்துவார். மார்ச்சார நியாயக்காரர், கூரை வந்து கவ்வட்டும் என்று அதன் கொக்கியைத் திருகுவார். அடியேன் பூனைக் கட்சி. கூரை தன் ஸ்தானத்தில் அமராதவரை, உயர்த்திய கண்ணாடி ரப்பரைப் பிய்க்குமே ஒழிய மழையைத் தடுக்காது. அதற்கும் முன்னே, கீல் தேய்ந்து கதவே தொங்கியிருக்கிறதா என்று பாராதவர் எக்கட்சியிலும் சேர அருகதையற்றவர்.

இப்பிரதேசத்தில் மடக்குக் கூரை வாகனமே அபூர்வமாயிற்றே என்று பூர்வபட்சம் எழலாம். அவ்வாறு கேட்பவர், ஷிப்டுக்கு ஆளேற்றிச் செல்லும் ஷேர் ஆட்டோவைப் பார்த்ததில்லை போலும். ரெக்ஸின் கூரை, பக்கவாட்டில் சுருட்டிக் கட்டிய படுதா, சாரல் அடித்ததும் அதை அவிழ்த்துக் கொக்கியில் மாட்டப் பிரயாசைப்படும் பிரயாணிகள்: கூரையும் சாளரமும் பொருந்தாமை அங்கே பூரணமாகப் பிரகாசிக்கிறது. புகார் சொல்வார்தான் இல்லை. நடுவில் நெருக்கி உட்கார்ந்துகொள்கிறார்கள்.

கெட்டியான கூரையை மின்விசையால் மடக்கிப் பின்பெட்டிக்குள் செலுத்தும் வித்தையைப் பிரான்ஸில் கண்டவர் ஜார்ஜ் போலான் என்ற பல்வைத்தியர். 1934-இல் அது பியூஜோ காரில் ஏறியது. மேல்வரிசையும் கீழ்வரிசையும் கடித்துப் பொருந்துவதன் அருமை வேறு யாருக்குத் தெரியும்? பல்வைத்தியர் மைத்தாளைக் கடிக்கச் சொல்லிக் குறை காண்கிறார். ஒரகடம் சாலையோரப் பட்டறை ஒன்றிலோ, மெக்கானிக் சாக்பீஸைப் பொடித்து பீடிங்கில் தடவி, கதவைச் சாத்தித் திறந்தார். கண்ணாடி விளிம்பில் வெள்ளைக் கோடு ஓடிவந்து, பின்மூலையில் நாலு விரல் அகலத்துக்கு அறுபட்டிருந்தது. அங்கேதான் காற்று சீட்டியடிக்கும்.

ஆலைகளில் கார்கள் செயற்கை மழைக் கூடத்துள் புகுந்து பரீட்சை தேறுகின்றன. பட்டறையில் அதற்கு ஒரு ரப்பர்க் குழாயும், உள்ளே உட்கார ஓர் உதவியாளும் போதும். கொக்கியைத் திருகி முடித்துத் தண்ணீரைத் திறந்ததும், உள்ளிருந்து குரல் வந்தது: “இன்னும் ரைட் சைடு தோள்ல விழுதுண்ணே!”

மெக்கானிக் மறுபடி சாக்பீஸைத் தேடினார்.