ஐயனாரின் குதிரை

கேள்வி: காலையில் பாகூரிலிருந்து புறப்பட்டு மாலையில் திரும்பும்படி ஒரு மழைக்காட்டைப் பார்த்துவர, ரயிலா, காரா, எது உசிதம்?

பதில்: மழைக்காடுகள் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பதாலும், அவற்றுள் பிரசித்தி பெற்ற அமைதிப் பள்ளத்தாக்குக்கு, முக்காலியில் காரை விட்டுவிட்டு வனத்துறை ஜீப்பில் மேலும் 23 கிலோமீட்டர் குலுங்க வேண்டியிருப்பதாலும், மாலைக்குள் திரும்ப ஆஞ்சநேய ஸ்வாமியின் தோளைத் தவிர வேறு வாகனமில்லை. அந்தப் பாக்கியம் வாய்க்காதவர்கள் புதுச்சேரி சென்று, மரக்காணம் பஸ் ஏறி, கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலில் இறங்கலாம். அங்கே சூழ்ந்திருப்பது மழைக்காடன்று. சொற்ப மாதங்களே மழை கண்டும் பசுமை மாறாத, சோழமண்டலக் கரைக்குரிய உலர்காடு. தெய்வ பயத்தால் கோடரிக்குத் தப்பியது. பஸ்ஸும் வேண்டாமென்றால் ஐயனாரின் குதிரை உண்டு. ஆனால் அது மண்குதிரை, வழியிலோ அரியாங்குப்பத்து ஆறு குறுக்கிடுகிறது.