எல்லை, இரவு, பெயர்: ஓசூர் வட்டார எக்செல் வழக்காறுகள் குறித்து ஓர் ஆய்வு

1. களமும் கருதுகோளும்

ஓசூர் சிப்காட்டில் வண்டியும் கடிகாரமும் உதிரிபாகமும் தயாராவது ஊரறிந்த செய்தி. அங்கே இரவு பகலாக உற்பத்தியாகும் இன்னொரு பொருளை ஆய்வுலகம் கண்டுகொண்டதில்லை. அது எக்செல் ஃபைல். 'சேலரி ஃபைனல்', 'சேலரி ஃபைனல் நியூ', 'சேலரி ஃபைனல் நியூ கரெக்டட்' என்று தானே குட்டி போட்டுப் பெருகும் இனம். ஜூஜூவாடி முதல் கிருஷ்ணகிரி வரை, இதைப் பழக்கி வேலை வாங்க முயலும் அலுவலகத்தாரே நம் ஆய்வுப் பொருள். இவ்வட்டாரத்தில் ஃபார்முலா தோற்பதற்கான காரணங்கள் மூன்று: எல்லை, இரவு, பெயர்.

2. எல்லை

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் எல்லைச் சாவடிகளில் வணிகவரிச் சோதனை நின்றது. அந்த உத்தியோகத்தை இன்வாய்ஸ் ஷீட்டின் ஒரு கட்டம் ஏற்றுக்கொண்டது. வாங்குபவரின் ஜி.எஸ்.டி. எண் 33 என்று தொடங்கினால் தமிழ்நாடு; வரி மத்திக்கும் மாநிலத்துக்குமாகப் பிரியும். 29 என்றால் கர்நாடகம், ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். புதிதாகக் கற்றவர் அந்த எண்ணின் முதல் இரண்டு இடங்களை லெஃப்ட் ஃபார்முலாவால் வெட்டியெடுத்து, இஃப் போட்டு, 33 உடன் ஒப்பிடுகிறார். வெட்டியெடுத்ததை எக்செல் எழுத்தாகப் பார்க்கிறது. ஒப்பிட்டதை எண்ணாகப் பார்க்கிறது. இரண்டும் சேராது. 33ஐ மேற்கோள் குறிக்குள் வைக்க மறந்தால் கர்நாடகத்து அத்திப்பள்ளியோடு தேன்கனிக்கோட்டையும் வெளிமாநிலம் ஆகிவிடும். 1956இல் மாநிலங்களைப் பிரிக்க நாடாளுமன்றம் கூடிச் சட்டம் போட வேண்டியிருந்தது.

3. இரவு

சி ஷிப்ட் ஆள் இரவு 10 மணிக்கு உள்ளே வருகிறார். காலை 6 மணிக்கு வெளியே போகிறார். 6இலிருந்து 22ஐக் கழித்தால், விடிய விடிய உழைத்தவர் கம்பெனிக்கு 16 மணி நேரம் பாக்கி வைத்தவராகிறார். இதை வெளியே சொல்லக் கூசும் எக்செல், கட்டம் முழுக்க ஹேஷ் குறிகளை இறைத்துவிடுகிறது. இந்நிலையில் மனிதர்கள் மூவகைப்படுவர். முதல் வகையினர் நெடுவரிசையை இழுத்து அகலமாக்குவர். ஹேஷும் கூடவே நீளும். இரண்டாம் வகையினர் கழித்தலை மாட் ஃபார்முலாவுக்குள் வைத்து, ஒரு கமாவும் 1உம் சேர்ப்பர். 8 மணி நேரம் ஒழுங்காக வந்து நிற்கும். மூன்றாம் வகையினர் கால்குலேட்டரில் தட்டிக் கையால் டைப் செய்வர். மாதக் கடைசியில் மூவரும் மூன்றாம் வகையே.

4. பெயர்

கேட் ரெஜிஸ்டரில் முனியப்பா. பி.எஃப். பட்டியலில் முனியப்பன். கான்ட்ராக்டர் அனுப்பிய ஃபைலில் கே.முனியப்பன். பேங்க் பாஸ்புக்கில் முனியப்பன் கே. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே டீக்கடையில் புழங்கும் ஊரில், ஆள் ஒருவர்தான் என்று வாட்ச்மேனுக்குத் தெரியும், பெயரைத் தேடும் வி-லுக்அப் ஃபார்முலாவுக்குத் தெரியாது. பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டியிருந்தாலே அது ஆளைக் கைவிட்டுவிடும். இடைவெளியை ட்ரிம் நீக்கும். இனிஷியலை யார் நீக்குவது?

"சார், என் பேருக்கு நேரா என்.ஏ.ன்னு வருதாமே, சம்பளம் வருமா சார்?" இக்கேள்விக்கான விடை கம்ப்யூட்டர் சென்டர் பாடத்திட்டத்தில் இல்லை.

ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் 1970இலேயே வழி காட்டிவிட்டார். ஆளுக்கு ஓர் எண், அவர் பெயர் ஒரே அட்டவணையில், வருகை, ஓ.டி., சம்பளம் எல்லாம் அந்த எண்ணைச் சொல்லி அவரைக் கூப்பிடட்டும். டேட்டாபேஸ் என்று மிரட்டப்படுவதன் சாரம் இதுதான்.

5. முடிவும் பரிந்துரையும்

கற்க வந்த முதல் நாளே மாக்ரோ ரெக்கார்டரை அழுத்துபவர், ஒரு மணி நேரத்தில் செய்த தப்பை ஒரு நொடியில் செய்யக் கற்றுக்கொள்கிறார். ஆகவே இவ்வாய்வு பரிந்துரைப்பது: மெர்ஜ் செய்த கட்டங்களைப் பிரியுங்கள். தேதியைத் தேதியாகவே டைப் செய்யுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் எம்ப்ளாயி கோடு போடுங்கள். அது இல்லாத பட்டியலுக்கு, எம்.டி.யே கேட்டாலும் மாக்ரோ எழுதாதீர்கள்.