பம்ப் தேர்வுக் குழு

தாய்ப்பால் பம்ப் வாங்கும்போது தாயிடம் கருத்துக் கேட்பது வெட்டி வேலை. வீட்டில் நிபுணர்களுக்கா பஞ்சம்? கணவர் பைக் வாங்கிய அதே சிரத்தையோடு வாரண்டி, பேட்டரி, புளூடூத் வரை ஆராய்ந்துவிட்டார். மார்பில் பொருத்தும் புனலுக்கு மில்லிமீட்டரில் அளவு உண்டாமே? பெட்டியில் வருவதுதான் அளவு. வலித்தால் பொறுத்துக்கொள்ளட்டும், தாய்மை என்றால் சும்மாவா?

அலுவலகத்தின் சௌகரியமும் முக்கியம். பம்ப் சத்தம் போடக்கூடாது, மீட்டிங் நடக்கிறது. பிளக் கேட்கக்கூடாது, கழிவறையில் பிளக் கிடையாது. (வேறு எங்கே போய் எடுப்பதாம்?) எடுத்த பாலை நான்கு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டுமாம். அங்கே மேலாளரின் மீன் குழம்பு இருக்கிறது. பதவி மூப்பு என்று ஒன்று உண்டல்லவா?

50 பேர் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் தினமும் நான்கு முறை அங்கே போய்வரலாம் என்று 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். அருமையான சட்டம். நிர்வாகமும் அதை மனதார வரவேற்றது. மொத்தம் 49 பேர் இருக்கிறோம். ஐம்பதாவது ஆளுக்கான நேர்காணல் இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது.