நாய் வாத்தியார்

ஆங்கில தேசத்துப் பாடசாலைகளில் பாலகர்களின் மனக்கிலேசத்தைப் போக்கும் பொருட்டு நாய் வளர்க்கும் வழக்கம் பரவி வருவதும், 2019-ஆம் ஆண்டில் ஸர் ஆன்டனி செல்டன் என்னும் கல்விமான் பள்ளிக்கொரு நாய் வேண்டுமென்று பகிரங்கமாகவே பிரஸ்தாபித்ததும், கல்விச் சரித்திரத்தில் பொன்னெழுத்துக்களால் பொறிக்கத்தக்க சம்பவங்கள் என்பதில் எமக்கு லவலேசமும் சந்தேகமில்லை. மனோதத்துவ நிபுணருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். நாய்க்குப் பிஸ்கோத்துப் போதும். திக்கித் திக்கி வாசிக்கும் சிறுவனின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, உச்சரிப்பைத் திருத்தாமலும், மதிப்பெண் போடாமலும், அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமலும் பரம சாந்தமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த ஜீவனை வெறும் எடுபிடியாகவே வைத்திருப்பது அநியாயம். தலைமையாசிரியர் பதவியும், காலக்கிரமத்தில் பள்ளிப் பரிசோதகர் உத்தியோகமும் அளிப்பதே தர்மம். பின்னதற்கு வேண்டிய மோப்ப சக்தி பிறவியிலேயே வாய்த்திருக்கிறது.

ஆனால், நாய்க்கும் மனக்களைப்பு உண்டாம். ஆகவே இடையிடையே ஓய்வும், சந்தடியற்ற தனியிடமும், பிடிக்காதபோது எழுந்து போய்விடும் சுதந்திரமும் அதற்கு அத்தியாவசியம் என்று விஷயமறிந்தவர்கள் வற்புறுத்துகிறார்கள். இந்தச் சலுகைகளைக் கேள்வியுற்ற ஆசிரியர் சிலர், தற்போதைய நாய் எப்போது ஓய்வு பெறும் என்றும், அந்த ஸ்தானத்துக்கு வால் கட்டாயந்தானா என்றும் நிர்வாகத்திடம் பணிவுடன் விசாரித்திருப்பதாகத் தெரிகிறது.