கொற்கை ஜீப்பின் பட்டைத் தாழ்வு: ஓர் அடுக்காய்வு

முன்னுரை

ஏரலுக்கும் பழைய காயலுக்கும் இடையே, தாமிரபரணியின் கடைமடையில் கொற்கை இருக்கிறது. பாண்டியரின் முத்துத் துறைமுகம். இன்று அங்கே துறையும் இல்லை, முகமும் இல்லை. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலில் கடல் ஆறேழு கிலோமீட்டர் கிழக்கே தள்ளிப் போய்விட்டது. கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றில் இதைப் பேசினார். அவருக்குப் பின் வந்தவர்கள் அவர் பேசியதைப் பேசினார்கள். கடல் நகர்ந்ததற்கு இத்தனை பக்கங்கள் இருக்க, அதே ஊரில் வேப்பமரத்தடியில் நிற்கும் மஹிந்திரா ஜீப் ஒன்று பின்பக்கம் இரண்டு அங்குலம் இறங்கிப்போனதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தமிழ் ஆய்வுலகின் இந்தப் பெருங்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். குறையை நீக்கவென்று பிறக்காத ஆய்வேடு தமிழில் உண்டா?

கருதுகோள்

ஜீப் இறங்கிவிட்டது.

ஆய்வு எல்லை

பின்பக்கம்.

ஆய்வு முறை

குனிந்து பார்த்தல்.

முன்னாய்வுகள்

ஜீப்பைத் தாங்குவது வில், அதாவது ஸ்பிரிங். வில்லியலின் முதலாசிரியர் ராபர்ட் ஹூக். இழுக்கும் விசைக்கு ஏற்ற அளவில் வில் நீளும் என்ற விதியை அவர் 1676-இல் வெளியிட்டார். வெளியிட்டார் என்றால், லத்தீன் வாக்கியத்தின் பதினான்கு எழுத்துகளையும் குலைத்து அகர வரிசையில் அடுக்கி அச்சிட்டார். கண்டுபிடித்த பெருமை தமக்கு வர வேண்டும், கண்டுபிடித்தது என்னவென்று பிறருக்குப் புரியக் கூடாது. இந்த மரபு நம் ஆய்விதழ்களில் இன்றும் செழிப்பாக இருக்கிறது. ஹூக் இரண்டே ஆண்டில், 1678-இல், விடையைச் சொல்லிவிட்டார். இதழ்களிடம் அந்த அவசரம் கிடையாது.

1804-இல் ஒபடையா எலியட் என்ற இங்கிலாந்துக்காரர் பட்டைகளை வில்லாக வளைத்துக் குதிரை வண்டிக்கு அடியில் பூட்டிக் காப்புரிமை வாங்கினார். குதிரை போய் இன்ஜின் வந்த பிறகும் அந்த வில் போகவில்லை. நாற்பதுகளின் இறுதியில் மஹிந்திரா நிறுவனம் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியபோது, நான்கு சக்கரத்துக்கும் அதே வகைப் பட்டைக் கட்டுத்தான் (லீஃப் ஸ்பிரிங்) நின்றது.

உள்ளூர்ச் சான்றுகளுக்கு வருவோம். ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜாகோரும், 1899 முதல் அலெக்சாண்டர் ரீயும் தோண்டி இரும்புக் கருவிகளை அள்ளினார்கள். சிவகளையில் கிடைத்த இரும்புக்கு ஐயாயிரத்து முந்நூறு ஆண்டு வயது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது. இவ்வளவு இரும்பிலும் ஒரு லீஃப் ஸ்பிரிங்கூட இல்லை. ஆனால் கிடைக்காதது இல்லாததற்குச் சான்றாகாது என்பது ஆய்வு நெறி. பாண்டியர் ஜீப் வைத்திருக்கவில்லை என்று இதுவரை எவரும் நிறுவவில்லை என்பதை இக்கட்டுரை அடக்கத்தோடு பதிவு செய்கிறது.

காலக் கணிப்பு

கொற்கையில் 1968-69-இல் நடந்த அகழாய்வில் கிடைத்த கரியின் காலம் கி.மு. 785, கூட்டவோ கழிக்கவோ 95 ஆண்டு. ஜீப்பின் காலம் ஆர்.சி. புத்தகத்தில் தேதியோடு இருந்ததால் ஆய்வுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. இது வருந்தத்தக்கது.

வகைப்பாடு

நான்கு பக்கமும் பட்டை உள்ளவை: பழைய மஹிந்திரா ஜீப், மாருதி ஜிப்ஸி, ராணுவ ஜோங்கா.

பின்னால் மட்டும் பட்டை உள்ளது: 2010-இல் வந்த தாரின் ஒரு வகை.

பட்டையே இல்லாதது: 2020-இல் வந்த தார். சுற்றிலும் சுருள் ஸ்பிரிங். பிரித்துப் பார்க்க அடுக்கு கிடையாது என்பதால் அறிஞர் கவனத்துக்கு உரியதன்று.

தாழ்வின் காரணங்கள்

பட்டை தானாகப் படுப்பதில்லை. ஏற்றிய பாரத்தில் வளைந்து வளைந்து மீளும் எஃகு, ஒரு கட்டத்துக்கு மேல் பழைய வளைவுக்குத் திரும்ப மறுக்கிறது. ஆய்வுக்குரிய ஜீப் தன் இளமையை மாஞ்சோலையில் கழித்தது என்பது வாய்மொழி வழக்கு (டீக்கடை பெஞ்சு, இரண்டாம் கிளாஸ்). சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு பம்பாய் பர்மா கம்பெனிக்குக் கொடுத்த மலை அது. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஏறும் அந்தப் பாதையில் எஃகு நிமிர்ந்து நின்றால்தான் வியப்பு.

ஓட்டுபவர் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சரிந்திருந்தது. ஓட்டுநரின் எடையை ஆய்வு கேட்கவில்லை.

அடுக்காய்வு

கட்டுரையின் இதயம் இதுவே. பட்டைக் கட்டு என்பது நீளம் குறைந்துகொண்டே போகும் வளைந்த எஃகுப் பட்டைகளின் அடுக்கு. எல்லாவற்றுக்கும் நீளமான மெயின் பட்டையின் இரு நுனியிலும் காது சுருட்டியிருக்கும். நடுவில் ஒரே ஒரு சென்டர் போல்ட் எல்லாவற்றையும் துளைத்துப் பிடித்திருக்கும். மெக்கானிக் இதைக் கழற்றுவார். ஆய்வாளர் அப்படிச் செய்யலாமா? நூல் கட்டி, சதுரக் குழி வகுத்து, டூத் பிரஷ்ஷால் ஒவ்வோர் அடுக்காகத் துலக்கினார்.

முதல் அடுக்கு: சாம்பல் நிற வண்டல். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை மீறி, ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் தண்ணீரில் நின்ற காலத்தது. ஐயத்துக்கு இடமில்லாத ஒரே அடுக்கு இது. ஆகவே இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இரண்டாம் அடுக்கு: ரத்தச் சிவப்பு மணல். திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரியில் ஜீப் புதைந்த நிகழ்வைக் குறிக்கலாம்.

மூன்றாம் அடுக்கு: வெண்படிவு. தூத்துக்குடி உப்பளப் பண்பாட்டைச் சேர்ந்தது. நக்கிப் பார்த்து உறுதி செய்யப்பட்டது.

நான்காம் அடுக்கு: கறுத்த கிரீஸில் உறைந்த தேயிலைத் துகள். மாஞ்சோலைக் கருதுகோளுக்கு வலுவான தொல்தாவரச் சான்று. டீக்கடை பெஞ்சுக்கு அடியிலிருந்து வந்திருக்கலாம் என்ற மாற்றுக் கருத்தும் உண்டு. அது மாற்று அணியினரின் கருத்து.

இதே அடுக்கில் வட்டமான, நடுவில் துளையுள்ள, துருப்பிடித்த உலோக வில்லை ஒன்று கிடைத்தது. வாஷர் என்பர் பாமரர். கொற்கையின் கடல் வணிகத்தைக் கருதி இது தற்காலிகமாக உரோம நாணயம் என்று கொள்ளப்படுகிறது.

இனி ஆறாம் பட்டை. கட்டில் மொத்தம் ஏழு பட்டைகள். ஆறாவது மற்ற ஆறோடும் ஒட்டவில்லை. தடிமன் இரண்டு நூல் கூடுதல், அகலம் ஒரு நூல் குறைவு, வளைவு வேறு, துருவின் நிறமும் வேறு. இது இடைச்செருகலா, மூலத்திலேயே இருந்ததா? மூலமே என்போர் காட்டும் ஆதாரம் ஒன்று (பஞ்சர் கடைச் சுவர், சாக்பீஸ் எழுத்து, காற்று பிடிக்கும் குழாய்க்கு இடப்புறம்). அங்கே ‘ஜீப் 7’ என்று தெளிவாக இருக்கிறது. அது பட்டைக் கணக்கன்று, பாக்கித் தொகை என்று இடைச்செருகல் கட்சியார் மறுக்கின்றனர். அவர்களுடைய ஆதாரம் இன்னும் பழையது (தினசரிக் காலண்டரில் கிழித்த தாள், பின்பக்கம், ராகு காலத்துக்கு நேர் பின்னால், எண்ணெய்க் கறை படிந்த பிரதி). அதில் ‘பட்டை 6 + 1’ என்று காண்கிறது. அந்தக் கூட்டல் குறி கூட்டல் குறிதானா, கொசு நசுங்கிய தடமா என்பதில் அறிஞர் இரு கூறாகப் பிரிந்துள்ளனர். கறை படியாத பிரதி ஒன்று மேலப்பாளையத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்ததாகவும், அதை முதலில் கண்டவர் எவருக்கும் காட்டாமல் வைத்திருந்ததாகவும், பிறகு அதில் வடை மடிக்கப்பட்டதாகவும் தெரிகிறது (மேற்படி டீக்கடை, அதே பெஞ்சு, தெற்கு முனை, நான்காம் கிளாஸ், மூன்றாம் கிளாஸில் இச்செய்தி இல்லை என்பது நோக்கத்தக்கது).

சான்றைக் காட்டாமல் வைத்திருப்பது ஒன்றும் வடைக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ஆதிச்சநல்லூரில் 2004-இல் எடுத்த பொருள்களுக்குக் கரிமக் காலம் தெரிய 2019 ஆயிற்று. முழு அறிக்கைக்காக நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. அந்த அளவோடு பார்த்தால் இக்கட்டுரை மின்னல் வேகத்தில் வெளிவருகிறது.

ஆறாம் பட்டை பற்றிய கட்டுரை ஒருநாள் பன்னாட்டுக் கருத்தரங்கு ஒன்றில் வாசிக்கப்பட்டது. பதிவுக் கட்டணம், சான்றிதழ், தக்காளிச் சாதம், ஐ.எஸ்.பி.என். எண் போட்ட மலர் எல்லாம் முறைப்படி நடந்தேறின. பன்னாடு என்பதற்கு மலேசியாவிலிருந்து வாட்ஸ்ஆப்பில் வந்த வாழ்த்துச் செய்தி சான்று. வாசிப்புக்கு ஒதுக்கிய நேரம் மூன்று நிமிடம். அதில் இரண்டு நிமிடம் மேடையில் இருப்போரை விளித்தல்.

பின்னர் ஏரல் பட்டறையிலிருந்து வந்த மெக்கானிக் ஆறாம் பட்டையைக் காலால் புரட்டிப் பார்த்துச் சொன்னார்: “இது லாரிப் பட்டைல்லா அண்ணாச்சி. பாரம் தாங்கட்டும்னு எவனோ சொருகிருக்கான். இது கெடக்கதாலதான் மத்ததெல்லாம் படுத்துட்டு.” களப்பணித் தரவு என்ற முறையில் இது சேர்க்கப்படுகிறது, ஆனால் அவர் மேற்கோள் எதுவும் காட்டவில்லை.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. பட்டையின் விறைப்பு அகலத்துக்கு நேர் விகிதத்தில்தான் கூடும். தடிமனுக்கோ அதன் மும்மடிக்கு ஏற்பக் கூடும். தடிமன் பத்து சதவீதம் ஏறினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். கட்டில் ஒரே ஒரு முரட்டுப் பட்டை இருந்தால், அது வளைய மறுத்து, அதன் நுனியில் பக்கத்துப் பட்டைகள் கூடுதலாக வளைந்து அடி வாங்கும்.

மீட்டுருவாக்கம்

பழைய பட்டையைக் கொல்லுலையில் காய்ச்சி அடித்து வளைவை ஏற்றுவது ஒரு வழி. எஃகுக்குச் சரியான பதம் ஏறாவிட்டால் அது மறுபடி படுத்துவிடும், அல்லது ஒடிந்துவிடும். புதுக் கட்டு வாங்கினால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே வாங்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாற்றிய ஜீப், புதுப் பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கோணி நிற்கும்.

இந்த ஒரு பத்தியில் மட்டும் கட்டுரை விளையாடாது. சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை கொடுக்க வேண்டும். ஜாக்கியால் தூக்கியபின் சேஸிஸை ஸ்டாண்டில் உட்கார வைக்க வேண்டும். ஹாலோ பிளாக், செங்கல் அடுக்கு கூடவே கூடாது. பாரத்தில் அவை சொல்லாமல் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. ஆக்ஸிலுக்குத் தனியாக இன்னொரு ஜாக்கி முட்டுக்கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் யூ போல்ட் கழன்றதும் அது தொங்கி பிரேக் ஹோஸை இழுத்துவிடும்.

இனி வரிசை. முந்தின இரவே நட்டுகளில் துரு இளக எண்ணெய் விட்டு வைப்பது. ஷாக் அப்சார்பரின் கீழ் முனையைக் கழற்றுவது. யூ போல்ட். பிறகு ஷாக்கிள், கடைசியில் மறுமுனைப் பின். பாரத்தில் வில் தட்டையாகும்போது காதுக்கும் காதுக்கும் உள்ள தூரம் கூடும். அதற்கு இடம் கொடுக்கத்தான் ஒரு முனையில் ஆடும் ஷாக்கிள் இருக்கிறது. புதுக் கட்டை ஏற்றும்போது சென்டர் போல்ட்டின் தலை ஆக்ஸில் மேடையின் குழியில் சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் ஆக்ஸில் நகர்ந்து, ஜீப் ஏரல் சந்தைக்கு நண்டு நடையில் போகும். யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போட வேண்டும். பழையவற்றின் மரை ஏற்கெனவே இழுபட்டிருக்கும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் பட்டையில் ஏறிய பிறகே இறுக்க வேண்டும். அந்தரத்தில் இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே கிடந்து கிழியும்.

உயர்வு பற்றி ஒரு குறிப்பு

இறங்கியதை ஏற்றுவது வேறு, பிறந்த உயரத்துக்கு மேலே தூக்குவது வேறு. வளைவு அதிகமான கட்டைப் போட்டு ஜீப்பை இன்னும் இரண்டு, மூன்று அங்குலம் தூக்க இளைஞர்களுக்கு ஆசை. தூக்கலாம். புரோப்பல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி அதன் கிராஸ் சீக்கிரம் தேயும், பிரேக் ஹோஸ் எட்டாமல் இழுபடும், வளைவில் வண்டி சாயும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுப் புத்தக விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. பழைமையை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்தலாம், ஜீப்பைத்தான் முடியாது.

முடிவுரை

ஒன்று, ஜீப் இறங்கியிருந்தது. இரண்டு, இப்போது இறங்கவில்லை. மூன்று, ஆறாம் பட்டை இரும்புக் கடைக்கு எடைக்குப் போனதால் மறு ஆய்வுக்கு வாய்ப்பில்லை. எனவே இக்கட்டுரையின் முடிவே இறுதியானது. நான்கு, முன்பக்கத்தைப் பற்றி மேலும் ஆய்வு தேவை. நிதி வந்தால் தொடங்கும்.

புதுப் பட்டை போட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பட்டைகள் ஒன்றோடொன்று படிந்து யூ போல்ட் கொஞ்சம் தளரும். அப்போது நட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கிவிடுங்கள். பத்து நிமிஷ வேலை.